சக்கர வூட்டை அறுத்துக் கட்டிய டிரெய்லர்

இந்தப் பட்டறைக்கு நான் வரும்போதெல்லாம், வெளியே போகத் தயாராக நிற்கும் டிரெய்லரின் மூக்கை, அதாவது இழுக்கிற வண்டியில் மாட்டும் முன் நுனியை, குனிந்து ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன். நீங்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வதும் எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன ஆளுக்கு இரும்பைத் தொடாமல் கை சும்மா இருக்காது என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள், தப்பில்லை. உங்கள் வயதில் நான் பெரியவர்களைப் பற்றி இதைவிட மோசமாகவே நினைத்திருக்கிறேன். ஆனால் புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன தடவை வந்தபோது, "ஏன் சார் தூக்கிப் பாக்கிறீங்க?" என்று நேராகவே கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மற்றவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள்.

அச்சை எப்படி நேர் செய்தோம், ரிவிட் எப்படி அடித்தோம் என்றெல்லாம் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. அதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். உங்களுக்கு வெல்டிங் இருக்கிறது. எங்களுக்கு உலையும் சுத்தியலும் தான் இருந்தன. நான் சொல்லப்போவது வண்டியைக் கட்டி முடித்த பிறகு நடந்தது. என் தொழிலில் நான் பார்த்து அசந்துபோன மனிதர்கள் அதிகம் இல்லை. அவர்களில் மூன்று பேரை ஒரே நாளில், ஒரே வண்டியில் பார்த்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் தான் ஆகியிருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன், லாரிக்குப் பர்மிட், துணிக்கும் அரிசிக்கும் வரிசை என்று இருந்த நேரம். பெரம்பலூரில் ஒரு சின்னப் பட்டறையில் நான் பிட்டராக இருந்தேன். பஸ், கார், மில் எஞ்சின் எது வந்தாலும் பார்ப்போம். டிரெய்லர் என்று ஒன்றை நான் தொட்டதே இல்லை.

ஒரு நாள் கடலை மில்லில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனால், மில் வாசலில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். தா.பழூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். புருஷன் யுத்தத்துக்கு முன்பே பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர், பிறகு தகவலே இல்லை. இந்த அம்மா தான் குத்தகை நிலத்தில் தனியாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சம்பா கதிர் வந்து பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டுவிட்டது. வயலுக்குப் பக்கத்துக் குளத்தில் மட்டும் தண்ணீர் பள்ளத்தில் கிடந்தது. இறைகூடை போட்டு இறைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊற்றிய தண்ணீரை முதல் வயலின் வெடிப்பே குடித்துவிட்டது. "பொம்பள என்னத்தப் பயிர் பண்ணப் போறா" என்று நிலத்துக்காரர் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தவர். இந்தப் போகம் பதராகிப் போனால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். நிலம் போனால் அக்காவுக்கு வேறு எதுவும் இல்லை.

கடலை மில் முதலாளி அவருக்குத் தூரத்து உறவு. மில் அப்போது ஓடாமல் கிடந்ததால், அதன் ஆயில் எஞ்சினையும் ஒரு பம்பையும் அந்தப் போகத்துக்கு இரவலாகத் தருவதாகச் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டார், சரி. அதைத் தா.பழூருக்கு எப்படிக் கொண்டுபோவது? மாட்டு வண்டியில் ஏற்றினால், அந்தக் கனத்துக்கு வண்டி நகர்ந்து போய்ச் சேர்வதற்குள் கதிர் காய்ந்துவிடும். லாரிக்குப் பர்மிட் வாங்கி முடிப்பதற்குள் அறுவடையே முடிந்துவிடும். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நானும் சேர்ந்து பிசைந்தேன்.

அக்கா பிசையவில்லை. கொல்லைப் பக்கம் போய் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னங்க?" என்று கேட்டார்.

அது துரையின் சக்கர வூடு. யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை நம் பக்கத்துக்கு வந்திருந்தார். அரியலூர்க் கல்லில் சங்கும் சிப்பியும் அச்சு அச்சாக இருக்கும் அல்லவா, அதைத் தேடிப் பொறுக்குவது அவருக்கு வேலை. காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே இழுத்துக்கொண்டு திரிவார். உள்ளே கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் உண்டு. கேரவன் என்று அவர் சொல்வார். ஊரில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்குப் போகிறேன் என்று அதை மில் முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கொல்லையில் நின்று நின்று, பலகையைக் கரையான் தின்று, கூரைத் தகரத்தைக் காற்று கொண்டுபோய், கடைசியில் கோழிகள் குடியேறியிருந்தன.

அக்கா குனிந்து அடியில் பார்த்தார். "சக்கரம் நல்லாத்தானே இருக்கு. இவ்வளோ பெரிய வூட்டையே கார் இழுத்துட்டு வந்திருக்கு. இந்த எஞ்சின இழுக்காதா?"

நான் சுத்தியலை எடுத்து அடிச்சட்டத்தைத் தட்டினேன். மணி மாதிரிச் சத்தம் வந்தது. அச்சும் ஸ்பிரிங் வில்லுகளும் அப்படியே இருந்தன. எனக்குச் சம்பளம் கொடுத்து மெக்கானிக் வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது வயலில் இருந்து வந்த பெண்ணுக்கு. அன்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக் கூட இருந்தது. இப்போது நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது.

கோழிகளை விரட்டிவிட்டுச் செல்லரித்த வீட்டை அறுத்து எடுத்தோம். அடிச்சட்டத்தின் மேல் கருவேலம் பலகையைப் போட்டு இறுக்கினோம். இனி இழுக்க ஒரு கார் வேண்டும்.

காருக்குப் பெரம்பலூரில் ஒரே ஆள்தான், டாக்ஸி ஓட்டிய பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், என் வயது தான். பழைய பெரிய அமெரிக்கக் கார் ஒன்று வைத்திருந்தார். யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் காரின் முதுகில் கரி அடுப்பைத் தொங்கவிட்டு, அதில் வரும் கேஸில் ஓட்டியவர். அடுப்பைக் கழற்றிவிட்டாலும் அதைத் தாங்கிய இரும்புச் சட்டம் காரிலேயே இருந்தது. அதில்தான் டிரெய்லரின் கொக்கியைப் பொருத்தினோம். சேர்த்து வைத்திருந்த பெட்ரோல் கூப்பனை எல்லாம் பாய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, "கதிரு காயுதுன்னு சொல்றாங்க. கூப்பன வச்சு நான் என்ன பொங்கியா திங்கப் போறேன்" என்றார்.

அவர் ஒரே ஒரு வேலை சொன்னார். துரையின் வண்டியில் மூக்குப் பக்கம் ஒரு கை பிரேக் இருந்தது. வண்டியை நிறுத்தி வைக்கும்போது போடுவதற்கு. அந்தப் பிரேக் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, காரின் பின் சீட்டுக்குள் வருகிற மாதிரி விடச் சொன்னார்.

"என்ன பாய், டிரெய்லருக்கு மூக்கணாங்கயிறா?" என்று சிரித்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும் பிட்டரே. வேணாம்னா புடிக்காம வந்துடுவோம். வேணும்னா அப்ப எங்க போய்க் கட்டுறது?"

அவரும் அதுவரை எதையும் இழுத்து ஓட்டியதில்லை. தெரியாத விஷயம் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு கயிற்றை முன்கூட்டியே கட்டி வைத்தார் பாருங்கள். எனக்கும் தெரியாதுதான். நான் சிரித்தேன், அவர் கட்டினார். கிளம்பும் முன்பே எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கட்டி உள்ளே விட்டேன்.

எஞ்சினை ஏற்ற வாலிகண்டபுரத்து வண்டிக்காரரை வரவழைத்தார் முதலாளி. நம் பக்கத்தில் பாரம் ஏற்ற அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊர் பேரையே சொல்லி வாலிகண்டபுரத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்தூணாக இருந்தாலும், மில் எஞ்சினாக இருந்தாலும், கடப்பாரையும் உருளைக் கட்டையும் போதும் அவருக்கு. சத்தம் போட மாட்டார், அவசரப்பட மாட்டார். அவருடைய மாடுகளின் கழுத்தில் ஒரு புண்ணைப் பார்க்க முடியாது. அதுதான் அவர் பெருமை. எஞ்சின் எங்கே உட்கார வேண்டும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. அவர் ஏற்றினார், அவர் கட்டினார், நாங்கள் பார்த்து ரசித்தோம். முடித்துவிட்டு டிரெய்லரின் மூக்கை ஒரே கையால் தூக்கிக் காட்டினார். பூ மாதிரி எழுந்தது. நாங்கள் சபாஷ் போட்டோம்.

விடிந்ததும் கிளம்பினோம். பாய் ஸ்டியரிங்கில், பக்கத்தில் நான், பின் சீட்டில் அக்கா. வாலிகண்டபுரத்தாரைக் காருக்குள் வரச் சொன்னால் வரவில்லை. "பாரம் ஏத்துனவன் பாரத்தோட தாங்க வரணும்" என்று டிரெய்லரின் பின் நுனியில் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரர்களுக்கு அது வழக்கம். இறங்கு என்று சொன்னால் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டோம்.

பெரம்பலூர் தாண்டி அரியலூர் ரோட்டில் நன்றாகத்தான் போனது. அக்கா கூடப் பேச ஆரம்பித்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரில் ஏறியிருக்கிறேன் என்றார். மருதையாற்றுக்கு ரோடு இறங்குகிற இடம் வந்தது. அப்போது அங்கே பெரிய பாலம் இல்லை. இறக்கம் நேராகப் போய்க் குறுகலான தரைப்பாலத்தில் முடியும். இரண்டு பக்கமும் கைப்பிடி கிடையாது.

இறக்கத்தில் கார் கொஞ்சம் வேகம் பிடித்தது. பின்னால் இருந்து யாரோ காரை இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. பிறகு வலது பக்கம். திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் வால் ஆட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக வந்தது. அந்தப் பக்கம் போகும்போது ரோட்டோரப் புளியமரத்தை உரசுகிற மாதிரி போய், திரும்பி இந்தப் பக்கம் வந்தது. அதன் நுனியில் வாலிகண்டபுரத்தார் இரண்டு கையாலும் கட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். முன்னால் தரைப்பாலம் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

"பிரேக்க போடுங்க பாய்" என்று கத்தினேன்.

பாய் போடவில்லை. போட்டிருந்தால் இன்று உங்களிடம் பேச நான் இருந்திருக்க மாட்டேன். கார் நின்றிருக்கும், டிரெய்லர் நின்றிருக்காது. எஞ்சினோடு வந்து பக்கவாட்டில் எங்களை மடக்கித் தள்ளியிருக்கும். அது அவருக்கு எப்படித் தெரிந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காரின் முதுகில் வந்த இழுப்பை அவர் உடம்பு உணர்ந்து, அந்த நொடியில் கணக்குப் போட்டிருக்கிறது. காலை ஆக்ஸிலேட்டரில் இருந்து எடுத்தார். கியரைக் குறைத்தார். டிரெய்லர் ஆடும் பக்கத்துக்கு ஸ்டியரிங்கைத் திருப்பவே இல்லை, நேராகப் பிடித்தார். டீக்கடையில் டீ கேட்கிற குரலில் சொன்னார்:

"அக்கா, உங்க காலுகிட்ட ஒரு கயிறு கெடக்கு பாருங்க. அத இழுங்க. வெடுக்குனு இழுக்காதீங்க. கெணத்துல நெறகொடம் எடுக்குற மாதிரி. புடிச்சத விட்டுடாதீங்க."

நான் சீட்டைத் தாண்டிப் பின்னால் பாயப் பார்த்தேன். "நீ ஒக்காரு" என்றார் பாய். அந்தக் குரலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. கயிற்றை எடுத்தார். காலை முன் சீட்டில் உதைத்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். நான் இழுத்திருந்தால் பயத்தில் ஒரே வெட்டாக இழுத்து டிரெய்லரின் சக்கரத்தைப் பூட்டியிருப்பேன். அவர் இழுத்ததில் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. டிரெய்லர் பின்னால் இழுபட்டு, கயிறு விறைப்பாக, ஆட்டம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி நேரே வந்துவிட்டது. தரைப்பாலத்தில் இறங்கும்போது மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினோம். பாலத்தைத் தாண்டி அக்கரையில் மணலோரம் நிறுத்திய பிறகுதான் பாய், "போதும் அக்கா, விட்டுடுங்க" என்றார்.

வாலிகண்டபுரத்தார் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கட்டு ஒன்றும் அவிழவில்லை என்று முதலில் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தான் எங்களைப் பார்த்தார்.

"கட்டு கெட்டியாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் இப்படித் துள்ளுது?" என்றார்.

பாய் டிரெய்லரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கொக்கியைக் கழற்றி மூக்கைத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"துரை இந்த வூட்ட மாட்டுறத ஒரு தடவ டவுன்ல பாத்திருக்கேன்" என்றார். "மூக்கத் தூக்க ரெண்டு ஆளு புடிச்சாங்க, மூச்சு முட்ட. இப்ப ஒத்தக் கையில வருது. அந்த மனுசன் வேகமா தான் போவாரு. ஒரு நாளும் வாலு ஆடுனதில்ல." வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "எஞ்சின கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. தள்ளித்தான் வச்சேன். முன்னாடி வச்சா கார் கழுத்துல பாரம் ஏறும்ல. பாவம், அதுவும் எவ்வளோ தூரம் இழுக்கணும்."

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அளவு இல்லை. என்னென்னவோ வாயில் வந்தது. ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் வந்தது எல்லாம் உள்ளேயே போய்விட்டது. காருக்குக் கழுத்து வலிக்கும் என்று இரக்கப்பட்டவரை என்ன சொல்லித் திட்டுவது? ஆயுசு முழுக்க மாட்டுக்காகப் பார்த்துப் பார்த்து ஏற்றிய கை. அந்தக் கை காருக்கும் அதே தயவைக் காட்டிவிட்டது. மாட்டு வேகத்தில் அந்தத் தயவால் ஒரு கெடுதலும் இல்லை. கார் வேகத்தில் அது நாலு பேரைக் கொன்றிருக்கும். இந்தத் தப்பை வேறு தேசத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பாயும் திட்டவில்லை. "இது மாடு இல்லீங்க. இதுக்குக் கழுத்துல கொஞ்சம் பாரம் வேணும் போல. அப்ப தான் பின்னாடி வர்றது அடங்கி வருது" என்றார்.

வாலிகண்டபுரத்தார் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்படியா? சரிங்க" என்றார், அவ்வளவுதான். நான் தப்பாக ஏற்றியதே இல்லை, நாற்பது வருஷமாக ஏற்றுகிறேன் என்று அவர் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. உங்களில் எத்தனை பேருக்கு அது முடியும்? எனக்கு முடியாது. இப்போதும் முடியாது. கட்டை அவிழ்த்தார். கடப்பாரையைக் கொடுத்து, உருளையை விட்டு, ஆற்று மணலோரத்தில் நின்ற வண்டியிலேயே எஞ்சினை முன்னால் நகர்த்தினார். நானும் பாயும் தள்ளினோம். மூக்கைத் தூக்கிக் காரில் மாட்ட இப்போது இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாய் உடனே கிளம்பவில்லை. வாலிகண்டபுரத்தாரைக் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டு, சமதளத்தில் டிரெய்லரோடு காரை ஓட்டிப் போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். கொஞ்சம் வேகமாக ஒரு தடவை. அதைவிட வேகமாக ஒரு தடவை.

"பொழுது போவுதே தம்பி" என்றார் அக்கா. கதிர் அவர் கண் முன்னால் காய்ந்துகொண்டிருந்தது, பாவம்.

"போவட்டும் அக்கா. ஆடாதுன்னு நாம நெனக்கிறோம். அது நெனக்கிதான்னு பாத்துக்குறேன்" என்றார் பாய்.

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. தனக்கு அவசரம் இருக்கும்போது, இன்னொருவர் நிதானத்துக்கு வழி விடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் தெரியும். டெலிவரி கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போது நீங்கள் எதை எல்லாம் சோதிக்காமல் அனுப்புகிறீர்கள் என்று நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாவது தடவை போய் வந்த பிறகு பாய் தலையை ஆட்டினார். வாலிகண்டபுரத்தாரைக் காருக்குள் ஏறச் சொன்னார். அவரும் இந்தத் தடவை ஏறினார்.

அரியலூர், ஜெயங்கொண்டம் எல்லாம் தாண்டினோம். டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. உச்சிப் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் தா.பழூர் வந்துவிட்டது.

ரோடு முடிந்து வயலுக்குப் போகும் வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் புழுதி. காரை விட்டால் அச்சு வரை இறங்கிவிடும். குளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் வந்து இங்கே நின்றுவிட்டோம்.

வாலிகண்டபுரத்தார் அக்காவிடம் கேட்டார்: "ஊர்ல நல்ல சோடி மாடு யாருகிட்ட இருக்கு?"

மாடு வந்தது. கொக்கியைக் கழற்றி, மூக்கில் ஒரு நுகத்தடியைப் போட்டுக் கட்டினோம். நான் மாட்டை ஓட்டச் சொன்னேன். அவர் அசையவில்லை. கடப்பாரையை எடுத்து எஞ்சின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"மறுபடியும் என்னங்க பண்றீங்க?" என்றேன். எனக்கு மருதையாறு ஞாபகம் வந்துவிட்டது.

"பின்னாடி தள்ளணும் பிட்டரே."

"பின்னாடி வச்சுத்தானே காலையில சாவப் பாத்தோம்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "காலையில இழுத்தது காரு. இப்ப இழுக்கப்போறது மாடு. இந்தப் பாரத்த அதுங்க கழுத்துல வச்சா எலும்பு என்னத்துக்கு ஆவும்?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் ஏற்கனவே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ள வந்துகொண்டிருந்தார். காலையில் அவர் சொன்னதை வண்டிக்காரர் கேட்டார். மத்தியானம் வண்டிக்காரர் சொன்னதை அவர் கேட்டார். இரண்டு தடவையும் நடுவில் நின்று கத்தியது நான் மட்டும்தான். அன்றிலிருந்து எந்த வண்டியைக் கட்டினாலும், எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், இதை இழுக்கப்போவது எது என்று கேட்டுவிடுவேன். டிராக்டரா, ஜீப்பா, எந்த ரோட்டில், எந்த வேகத்தில் என்று. வண்டியை மட்டும் பார்த்துக் கட்டாதீர்கள்.

மாடுகள் சிரமமில்லாமல் இழுத்துக்கொண்டு போய்க் குளத்துக் கரையில் விட்டன. எஞ்சினை இறக்கித் தரையில் கல் பதித்து உட்காரவைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது அக்கா தடுத்தார். "எறக்க வேணாம் தம்பி. அடியில கட்ட வச்சு அண்டக் குடுத்துட்டு மேலயே ஓட்டுங்க. இந்தப் பக்கம் தண்ணி தீந்தா அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போயிடலாம்." அதுவும் சரியாகத்தான் இருந்தது. அடிச்சட்டத்துக்குக் கீழே நாலு பக்கமும் மரக்கட்டைகளைக் கொடுத்து ஆடாமல் நிறுத்தினோம். அன்றைக்கு எனக்கென்று சொந்தமாக ஒரு யோசனையும் வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சின் முதல் சுற்றில் பிடிக்கவில்லை, இரண்டாம் சுற்றிலும் பிடிக்கவில்லை. பிறகு ஒரு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது. பம்பு வாயில் முதலில் சேறு வந்தது, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர் தடி தடியாக வந்து வாய்க்காலில் விழுந்தது. அக்கா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்று சாயங்காலம் வரை அவரைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஒரு மடையை வெட்டுவார், இன்னொன்றை அடைப்பார், வரப்பு உடைந்தால் காலால் மிதித்து நிறுத்துவார். பாய் எஞ்சின் பக்கம் என்னோடு நின்று, அது சூடாகும்போதெல்லாம் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். கேலியும் கிண்டலுமாகவே இருந்தார். அவர் அப்போதே காரை எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். போங்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை.

பொழுது இறங்குகிற நேரத்தில் தூரத்து வரப்பில் இருந்து அக்காவின் குரல் வந்தது. "கடசி வயலுக்கும் ஏறிடுச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். சேற்றோடு வந்து டம்ளரில் ஊற்றி முதலில் பாயிடம் நீட்டினார். பாய் வாங்கினார். டம்ளர் ஆடியது. காப்பி தளும்பிக் கைலியில் கொட்டியது. மறு கையையும் சேர்த்துப் பிடித்தார், அதுவும் ஆடியது. காலையில் அந்த இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது இம்மி அளவு ஆடாத கைகள். நான் கிண்டல் பண்ண வாயைத் திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ஆத்து எறக்கத்துல வந்த பயம் பிட்டரே" என்றார், சிரிக்கப் பார்த்துக்கொண்டே. "அப்ப அதப் பாக்க நேரம் இல்ல. அந்தப் பெரியவரு வேற பின்னாடி தொங்கிட்டு வர்றாரு. வூட்ல நாலு புள்ளைங்க எனக்கு. அல்லாஹ் காப்பாத்துனான். இப்ப தான் அது எறங்குது."

பயமே இல்லாத ஆள் என்று பகல் முழுக்க நான் அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் எல்லோரையும் விட அதிகமாகப் பயந்தவர் அவர்தான். வண்டியில் வேலை இருக்கிற வரைக்கும் அந்தப் பயத்தை உள்ளே விடாமல் நிறுத்தி வைத்திருந்தார். அந்த மனிதரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு வெட்கப்படவில்லை.

அக்கா டம்ளரை அவர் கையில் இருந்து வாங்கி வரப்பில் வைத்தார். "ஆறட்டும் பாய். மெதுவா குடிங்க. அப்ப எனக்கும் பயம் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லித் தன் கைகளை விரித்துக் காட்டினார்.

கயிறு இழுத்த இடத்தில் இரண்டு உள்ளங்கையிலும் நெடுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது. சேறு உள்ளே போய்க் காய்ந்திருந்தது. தேங்காய்நார்க் கயிறு வழுக்கி ஓடப் பார்த்திருக்கிறது, அவர் விடவில்லை. அதைப் பற்றி ஆற்றங்கரையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயங்கொண்டத்தில் சாப்பிட இறங்கியபோதும் சொல்லவில்லை. அந்தக் கைகளோடுதான் மத்தியானத்தில் இருந்து மண்வெட்டி பிடித்திருக்கிறார்.

பாய் அந்தக் கைகளைப் பார்த்தார். அவர் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வாலிகண்டபுரத்தார் எழுந்து போய் எஞ்சின் பக்கத்தில் வைத்திருந்த தன் விளக்கெண்ணெயில் துண்டின் நுனியை நனைத்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினார். மாட்டுக் கழுத்துக்குப் போடுவதற்காக அவர் எங்கே போனாலும் அதைக் கையோடு கொண்டுபோவார்.

அறுவடை முடிந்ததும் அக்கா ஒரு மூட்டைப் புது நெல் அனுப்பினார். குத்தகை அவரிடமே இருந்தது. அன்று சாயங்காலம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். நான் என் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டேன். கிரீஸைத் தவிர ஒரு கீறல் கூட இல்லை.